ஆசி கூறிய கரம்: மெரிலின் ராபின்சனின் ‘கீலேயாத்’ புதினம் குறித்து ஓர் இறையியல் நோக்கு

போதகர் ஒருவரைக் கதைத் தலைவராகக் கொண்ட புதினங்கள் மேனாட்டு இலக்கியத்தில் பல உள. அவற்றுள் நாம் நன்கறிந்தவை பெரும்பாலும் இரு வகையில் அடங்கிவிடும். நத்தானியேல் ஹாதர்ன் 1850இல் எழுதிய ‘கருஞ்சிவப்பு எழுத்து’, மறைத்துவைத்த பாவத்தால் உள்ளம் அரிக்கப்பட்ட போதகரைக் காட்டுகிறது. சின்கிளேர் லூயிஸ் 1927இல் எழுதிய ‘எல்மர் கேன்ட்ரி’, இறைபணியைப் பிழைப்பாக்கிக்கொண்ட மாய்மாலக்காரரைக் காட்டுகிறது. இவ்விரு வகையினரிடமிருந்தும் நம்மைப் பிரித்து நிறுத்திக்கொள்வது எளிது. ஆலயத்தில் நின்ற பரிசேயனைப்போல, நாம் அவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்று கடவுளுக்கு நன்றி செலுத்திவிட்டு நூலை மூடி வைத்துவிடலாம்.

அமெரிக்க நூலாசிரியை மெரிலின் ராபின்சன் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2005ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்ற ‘கீலேயாத்’ என்னும் புதினம் அவ்வாறு எளிதில் மூடிவைக்கத் தக்கதன்று. இதில் வரும் போதகர் மறைவான ஒழுக்கக்கேடு உடையவர் அல்லர். அவர் செபிக்கிறார், வேதத்தை ஆராய்கிறார், மந்தையை நேசிக்கிறார், வறுமையில் நிறைவு காண்கிறார். இத்தகைய நல்ல மேய்ப்பர், தமது கையாலேயே திருமுழுக்கு அளித்த ஒருவனை அவன் பிறந்தது முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தவறாக மதிப்பிட்டு வந்தார் என்பதே இக்கதையின் உட்பொருள். ஊழியம் செவ்வனே நடந்தேறும்போதும், ஊழியர் தம் எதிரே நிற்கும் மனிதனைக் காணத் தவறக்கூடும் என்னும் உண்மையை இப்புதினம் நம்முன் வைக்கிறது. திருமுழுக்கு, அருளுரை, ஆசி ஆகிய மூன்று ஊழியச் செயல்களின் வழியாக அதனை ஈண்டு நோக்குவோம்.

1. கதையும் அது சொல்லப்படும் முறையும்

கதை நிகழும் ஆண்டு 1956. இடம், அயோவா மாநிலத்திலுள்ள கீலேயாத் என்னும் கற்பனைச் சிற்றூர். அங்குள்ள காங்கிரிகேஷனல் சபையின் போதகர் ஜான் ஏம்ஸ். அவருக்கு வயது 76. இதய நோயால் அதிக நாள் உயிர் வாழமாட்டார் என்று அறிந்திருக்கிறார். இளமையில் அவர் மணந்த லூயிசா மகப்பேற்றில் இறந்தார். பிறந்த பெண் குழந்தையும் இறந்தது. அதன்பின் நெடுங்காலம் தனித்து வாழ்ந்தவர், முதுமையில் லைலா என்னும் இளைய பெண்ணை மணந்தார். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவன் வளர்ந்தபின் படிப்பதற்கென்று தந்தை எழுதிவைக்கும் நீண்ட மடலே இப்புதினம்.

ஏம்ஸின் உயிர் நண்பர் ராபர்ட் பௌட்டன். இவர் அதே ஊரின் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். ஓய்வு பெற்று, உடல் தளர்ந்து, மரணத்தை எதிர்நோக்கி இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் பலருள் அவர் மிகுதியாக நேசித்தவனும் அவரை மிகுதியாக வருத்தியவனும் ஜாக். இவனுடைய முழுப் பெயர் ஜான் ஏம்ஸ் பௌட்டன். பிள்ளைப்பேறற்ற நண்பருக்கு ஆறுதலாக அவருடைய பெயரையே பௌட்டன் தம் மகனுக்கு இட்டிருந்தார். கல்லூரி நாட்களில் ஏழைப் பெண் ஒருத்தியைத் தாயாக்கிக் கைவிட்டுச் சென்ற ஜாக், இருபது ஆண்டுகளுக்குப்பின் ஊர் திரும்புகிறான். அவன் ஏன் வந்தான் என்பது எவருக்கும் தெரியாது.

மகனுக்கு அறிவுரையாகத் தொடங்கிய மடல், ஜாக் வந்ததும் திசை மாறுகிறது. அமைதியாக எழுதிக்கொண்டிருந்த முதியவரின் எழுதுகோல் தடுமாறுகிறது. ஒரு நாள் ஜாக்கைக் குறித்துக் கடுமையாக எழுதுகிறார், மறுநாள் அதற்காக வருந்துகிறார், மீண்டும் ஐயுறுகிறார். வேறொருவர் கதை கூறியிருந்தால் ஏம்ஸின் பிழை நமக்கு உடனே தெரிந்திருக்கும். அவரே கூறுவதால், அவருடைய கண்கொண்டு பார்க்கும் நாமும் அவரோடு சேர்ந்து பிழை செய்கிறோம். ஜாக் புன்னகை செய்தால் ஏளனம் என்கிறோம். வினவினால் பொறி வைக்கிறான் என்கிறோம். உண்மை வெளிப்படும்போது அவரோடு சேர்ந்து நாமும் நாணுகிறோம். இதனை வெறும் கதைகூறும் உத்தி என்று ஒதுக்கிவிட இயலாது. மனந்திரும்புதலைப் பற்றி நமக்கு எடுத்துரைப்பதைக் காட்டிலும், அதன் முதற்படியில் நம்மை நிறுத்துவதே ஆசிரியையின் நோக்கம் எனலாம்.

2. முதற் செயல்: திருமுழுக்கு

ஜாக்கிற்குத் திருமுழுக்கு அளித்தவர் ஏம்ஸ். தொட்டியருகே நின்று குழந்தையின் பெயர் யாது என்று வினவியபோது, பௌட்டன் எதிர்பாராத வகையில் நண்பரின் பெயரையே கூறினார். நண்பர் மகிழ்ந்து கண்ணீர் விடுவார் என்பது அவருடைய எண்ணம். ஆனால் ஏம்ஸின் உள்ளம் உறைந்து போயிற்று. இது என் பிள்ளை அன்று என்னும் எண்ணமே அவருக்குள் எழுந்தது. நீர் தெளிக்கப்பட்டது, திரியேக கடவுளின் திருப்பெயர் கூறப்பட்டது, முறைமையில் குறை ஏதுமில்லை. எனினும் தம் எண்ணம் ஆசி கூறுவதினின்று வெகு தொலைவில் இருந்தது என்றும், அந்தக் குளிர்ச்சியை அக்குழந்தை உணர்ந்திருக்குமோ என்றும், முதுமையில் அவர் மனம் வருந்துகிறார்.

இங்கு நூலாசிரியை அமைத்துள்ள ஓர் ஒப்புமையைக் கவனித்தல் வேண்டும். ஏம்ஸின் சொந்த மகள் பிறந்து இறந்த நாளில் அவர் ஊரில் இல்லை. பௌட்டனே அக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்து ஏஞ்சலின் என்று பெயரிட்டார். ஏம்ஸ் எண்ணியிருந்த பெயரோ ரெபெக்கா. ஆக, தன் பிள்ளைக்குத் தான் கருதாத பெயர். நண்பரின் பிள்ளைக்குத் தன் பெயர். இரண்டும் அன்பினால் செய்யப்பட்டவை. இரண்டும் அவருடைய இழப்பைத் தொட்டவை. நல்லெண்ணத்தோடு செய்யும் செயலும் பிறருடைய ஆறாத புண்ணின்மேல் விழக்கூடும் என்பதைப் பௌட்டன் உணரவில்லை.

அருட்சாதனத்தின் ஆற்றல் அதை நிறைவேற்றுபவரின் தகுதியைச் சார்ந்ததன்று என்று, டொனேட்டியருக்கு எதிராகப் புனித அகஸ்தீன் வாதிட்டதை நாம் அறிவோம். திருச்சபையும் அதையே ஏற்றுக்கொண்டது. அந்தக் கோட்பாடு மந்தைக்கு ஆறுதல் அளிக்கிறது. நாம் குறையுள்ளவர்களாயினும் கடவுளின் அருள் தடைபடுவதில்லை. ஆனால் அதே கோட்பாடு ஊழியருக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிடலாம். ஜாக்கின் திருமுழுக்கு செல்லும் என்பதில் ஏம்ஸுக்கு ஐயமில்லை. அந்தச் செயலில் தாம் எங்கே இருந்தோம் என்பதே அவரை வருத்துகிறது.

3. ஐயத்தின் வேர்

ஏம்ஸ் ஜாக்கை வெறுப்பதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. சிறுவயதில் அவன் ஏம்ஸின் வீட்டிலிருந்து பொருள்களைக் களவாடினான். அவற்றுள் இறந்த லூயிசாவின் படமும் ஒன்று. இளைஞனாய் ஓர் ஏழைப் பெண்ணைக் கெடுத்தான். அவள் ஈன்ற மகவு வறுமையிலும் அசுத்தத்திலும் வளர்ந்து, காலில் பட்ட காயம் புரையோடி, சிறு வயதிலேயே இறந்தது. இவை யாவும் மெய்யான குற்றங்கள். அவற்றை நூலாசிரியை குறைத்துக் கூறவில்லை.

ஆயினும் இக்குற்றங்களைக் கண்டு ஏம்ஸ் அடையும் சினத்தில் நீதியுணர்வு மட்டும் இருந்ததா? தந்தையாகும் பேற்றுக்காக அவர் பல்லாண்டுகள் ஏங்கினார். தாம் ஏங்கியதை ஒருவன் குப்பையைப்போல் எறிந்துவிட்டதைப் பொறுக்க இயலவில்லை. பௌட்டனின் வீட்டில் பிள்ளைகள் நிறைந்திருந்ததைக் கண்டு தாம் கொண்ட உணர்வு, பத்தாம் கற்பனை தடுக்கும் இச்சையோடு தொடர்புடையது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். துயரம் இச்சையாகி, இச்சை தீர்ப்பாகி, தீர்ப்பு அறத்தின் ஆடையை உடுத்திக்கொள்கிறது.

இப்போது வேறோர் அச்சமும் சேர்கிறது. ஜாக் ஏம்ஸின் வீட்டிற்கு வருகிறான்; சிறுவனோடு விளையாடுகிறான்; லைலாவுடன் இயல்பாகப் பேசுகிறான். தாம் இறந்தபின் தம் இடத்தை இவன் கைப்பற்றிக்கொள்வானோ என்று முதியவர் அஞ்சுகிறார். மனைவியையும் மகனையும் எச்சரிப்பது தம் கடமையன்றோ என்று பல இரவுகள் சிந்திக்கிறார். பொறாமையே இங்குக் கடமையின் குரலில் பேசுகிறது. ஆலோசனை கூறும் பணியில் இருக்கும் எவரும் இப்பகுதியை நின்று நிதானித்துப் படிக்க வேண்டும்.

4. இரண்டாம் செயல்: அருளுரை

ஏம்ஸ் தம் அருளுரைகளைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்துப் படிப்பவர். நாற்பத்தைந்து ஆண்டுகளில், ஆண்டுக்கு ஐம்பதாக 2,250 அருளுரைகள். ஒவ்வொன்றும் முப்பது பக்கம் என்றால் 67,500 பக்கங்கள் என்று அவர் கணக்கிடுகிறார். அவை மேல்மாடியில் பெட்டிகளில் கிடக்கின்றன. இத்துணை பக்கங்களிலும் இல்லாத சில சொற்களே புதினத்தின் திருப்புமுனையாகின்றன.

ஒரு ஞாயிறன்று அவர் ஆகாரையும் இஸ்மவேலையும் குறித்துப் பேசுகிறார். ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் இஸ்மவேலை வனாந்தரத்திற்கு அனுப்புகிறார். 22ஆம் அதிகாரத்தில் ஈசாக்கை மோரியா மலைக்கு அழைத்துச் செல்கிறார். தந்தை தன் பிள்ளையைக் கடவுளின் பராமரிப்பில் ஒப்புவிக்க வேண்டிய நேரம் வரும் என்பது அவர் கருதிய பொருள். விரைவில் மகனைப் பிரியவேண்டிய தமக்கே அவர் அதைச் சொல்லிக்கொள்கிறார். அன்றைய நாளில் ஜாக் ஆலயத்திற்கு வந்து, லைலாவுக்கும் சிறுவனுக்கும் அருகில் அமர்கிறான். தம் குடும்பத்தின் அருகே அவனைக் கண்டதும் ஏம்ஸ் எழுதிவைத்ததை விட்டு விலகுகிறார். பிள்ளைகளைக் கைவிடும் தந்தையரைக் குறித்தும், சிறியோருக்குத் தீங்கிழைப்போரைக் குறித்தும் கூறுகிறார். ஜாக்கின் முகம் வெளுக்கிறது. அவன் புன்னகை செய்கிறான்.

ஏம்ஸ் கூறியது எதுவும் வேதத்திற்குப் புறம்பானதன்று. திருவசனமும் சரி, விளக்கமும் சரி. ஆனால் அதே வசனம் பேசுபவருக்கு ஆறுதலாகவும் கேட்பவனுக்கு அம்பாகவும் ஆயிற்று. இதே நிகழ்ச்சிகளைப் பௌட்டனின் வீட்டிலிருந்து காட்டும் ‘இல்லம்’ என்னும் புதினத்தை ராபின்சன் 2008இல் வெளியிட்டார். அதனைப் படிப்போர், அந்த ஞாயிறன்று ஜாக் நல்லுறவை நாடியே ஆலயத்திற்குச் சென்றான் என்பதையும், எந்நிலையில் வீடு திரும்பினான் என்பதையும் காண்பர். மேடையிலிருந்து நோக்கியபோது ஏளனமாகத் தோன்றிய புன்னகை, வீட்டிற்குள்ளிருந்து நோக்கும்போது அவமானத்தைத் தாங்குவதற்கு அவன் கற்றுக்கொண்ட ஒரே வழியாகத் தோன்றுகிறது.

நம் சபைகளிலும் இது அறியாத ஒன்றன்று. ஆராதனை முடிந்து வெளியே வருவோர், ஐயர் இன்று யாரையோ மனத்தில் வைத்துப் பேசினார் என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். குத்திக்காட்டப்பட்டவர் எழுந்து மறுமொழி கூற இயலாது. திருப்பீடத்தின் உயரமும் சபையின் மௌனமும் பேசுபவருக்குத் துணை நிற்கின்றன. ஏம்ஸ் இதனை வேண்டுமென்றே செய்யவில்லை என்பது அவருக்குச் சாக்காகலாம்; ஜாக்கிற்கு ஆறுதலாகாது.

5. திண்ணையில் எழுந்த வினா

பௌட்டனின் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை எல்லாரும் அமர்ந்திருக்கையில், ஜாக் முன்குறித்தலைப் பற்றிக் கேட்கிறான். சிலர் மீட்சிக்கு வழியின்றிக் கேட்டுக்கென்றே குறிக்கப்பட்டவர்களா என்பது அவன் வினா. இரு போதகர்களும் கால்வினின் மரபில் ஊறியவர்கள். இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் பலரிடம் கேட்டு அலுத்தவர்கள். கடவுளின் இரகசியங்களை நாம் அறியோம் என்னும் பாங்கில் ஏம்ஸ் விடையளிக்கிறார். ஜாக் வாதம் புரிந்து தம்மை மடக்க முனைகிறான் என்பது அவருடைய கணிப்பு.

அவ்வேளையில் இறையியல் ஏதும் கல்லாத லைலா வாய் திறக்கிறார். மனிதர் மாற முடியும், எல்லாமே மாற முடியும் என்பது அவர் கூற்றின் சாரம். வறுமையிலும் அலைந்து திரிந்த வாழ்விலும் அவர் கண்டறிந்த உண்மை அது. அறிஞர் இருவரும் கோட்பாட்டைக் கேட்டனர். லைலா மட்டும் மனிதனைக் கேட்டார். ‘நான் மீட்கப்பட முடியுமா’ என்பதே அவ்வினாவினுள் இருந்த வினா. பழகிய வினாக்களுக்குப் பழகிய விடைகளை அளித்துப் பழகிவிட்ட நமக்கு இது பெரிய எச்சரிக்கை.

இங்கே ஏம்ஸைக் குறைகூறிவிட்டு அவருடைய கல்வியையே பழிப்பது தவறாகும். அவர் கார்ல் பார்த்தை விரும்பிப் படிப்பவர். நாத்திகராகிய ஃபாயர்பாக்கின் ‘கிறிஸ்தவத்தின் சாராம்சம்’ என்னும் நூலையும் மதித்துப் போற்றுபவர். நூல்களிடம் அவர் காட்டிய திறந்த மனத்தை, திண்ணையில் அமர்ந்திருந்த ஒருவனிடம் காட்ட இயலவில்லை என்பதே துயரம்.

6. மூன்றாம் செயல்: ஆசி

இறுதியில் ஜாக் ஏம்ஸைத் தனியே கண்டு ஒரு படத்தைக் காட்டுகிறான். அதில் அவனுடன் ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு சிறுவனும் இருக்கின்றனர். அவர் டெல்லா, மெம்பிஸ் நகரப் போதகர் ஒருவரின் மகள். சிறுவன் பெயர் ராபர்ட், பாட்டனாரின் பெயர். கடவுளின் முன்னிலையில் அவர்கள் கணவனும் மனைவியும் ஆவர். ஆனால் அவர்கள் வாழ்ந்த மிசூரியிலும் டெல்லாவின் சொந்த மாநிலமாகிய டென்னசியிலும் சட்டம் அத்தகைய திருமணத்தைத் தடைசெய்திருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் யாவற்றையும் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது 1967இல்தான். அயோவாவில் அத்தகைய தடை இல்லை. மனைவியையும் மகனையும் கீலேயாத்துக்கு அழைத்துவந்து குடியேற இயலுமா என்று அறியவே அவன் வந்திருக்கிறான். பிறர் பிள்ளையைக் கவர வந்தவன் என்று ஐயுறப்பட்டவன், தன் பிள்ளைக்கு ஓர் ஊரைத் தேடி வந்தவன்.

ஏம்ஸால் அவனுக்கு நம்பிக்கையூட்டும் விடை அளிக்க இயலவில்லை. பௌட்டனின் மரணம் நெருங்குகையில், ஏனைய பிள்ளைகள் ஊருக்கு வருமுன் ஜாக் புறப்படுகிறான். ஏம்ஸ் அவனுடன் பேருந்து நிற்குமிடத்திற்கு நடந்து செல்கிறார். ஃபாயர்பாக்கின் நூலை அவனுக்குக் கொடுக்கிறார். பின்னர், உனக்கு ஆசி கூற விரும்புகிறேன் என்கிறார். ஜாக் தொப்பியைக் கழற்றி, கண்களை மூடித் தலை தாழ்த்துகிறான். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்குக் கட்டளையிடப்பட்ட ஆசியை ஏம்ஸ் கூறுகிறார். அத்துடன் நில்லாமல், அவனுடைய முழுப் பெயரையும் சொல்லி, அன்புள்ள மகனும் சகோதரனும் கணவனும் தந்தையுமாகிய அவனை ஆசீர்வதிக்கும்படி ஆண்டவரை வேண்டுகிறார்.

அந்த நான்கு உறவுப் பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருமுழுக்குத் தொட்டியருகே ‘இது என் பிள்ளை அன்று’ என்று உள்ளம் மறுத்ததை, ‘மகன்’ என்னும் சொல் திருத்துகிறது. ஒழுக்கங்கெட்டவன் என்று வீட்டாரிடமிருந்து விலகி நின்றவனை ‘சகோதரன்’ என்னும் சொல் குடும்பத்தில் சேர்க்கிறது. சட்டமும் சமுதாயமும் மறுத்த திருமணத்தைக் ‘கணவன்’ என்னும் சொல் அங்கீகரிக்கிறது. அருளுரையில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு ‘தந்தை’ என்னும் பெயர் மீண்டும் அளிக்கப்படுகிறது. ஏம்ஸ் இதுகாறும் செய்த பிழைகள் யாவும் இங்குப் பெயர் சொல்லித் திரும்பப் பெறப்படுகின்றன. மன்னிப்புக் கேட்கும் நீண்ட உரையொன்றும் இங்கு இல்லை.

இந்நிகழ்ச்சி ஆலயத்தில் நடைபெறவில்லை. பேருந்து நிற்குமிடத்தில் ஓர் இருக்கையில் நடைபெறுகிறது. இந்த ஒரு கணத்திற்காகவே இறையியற் கல்வியையும் குருத்துவ அபிஷேகத்தையும் இத்தனை ஆண்டு ஊழியத்தையும் மீண்டும் ஏற்கலாம் என்று ஏம்ஸ் உணர்கிறார். ஆசியானது ஒருவரிடம் இல்லாத புனிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதன்று, இருக்கும் புனிதத்தை ஏற்றுக்கொள்வது என்னும் கருத்தைப் புதினத்தின் தொடக்கப் பகுதியிலேயே அவர் எழுதியிருந்தார். சிறுவயதில் பூனைக்குட்டிகளுக்கு விளையாட்டாகத் திருமுழுக்கு அளித்ததை நினைவுகூரும் இடம் அது. அன்று எழுதிய கருத்தின் பொருளை, ஜாக்கின் நெற்றியில் கை வைத்தபோதே அவர் முழுமையாக அறிந்தார்.

7. மன வருத்தமும் மனந்திரும்புதலும்

புதினத்தைப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல் இரு வினாக்களை எழுப்புதல் நம் கடமை.

முதலாவது, ஜாக்கின் இரகசியம் இழிவானதாய் இருந்திருப்பின் ஏம்ஸ் அவனுக்கு ஆசி கூறியிருப்பாரா? அவன் அன்புள்ள கணவன் என்று தெரிந்தபின் அவன்மேல் இரங்குவது கடினமன்று. நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8இல் பவுல் கூறும் அன்பு, செய்தி கிடைக்கும்வரை காத்திருப்பதன்று. இது புதினத்தின் குறை என்று சிலர் கருதலாம். ‘இல்லம்’ என்னும் நூலை உடன் வைத்துப் பார்த்தால் ஆசிரியை இவ்வினாவை அறிந்தே இருந்தார் என்பது விளங்கும். அங்கே பௌட்டன், மகனைப் பற்றி ஒன்றும் அறியாமலேயே அவனை நேசிக்கிறார். கெட்ட குமாரனின் தந்தையைப்போல் காத்திருக்கிறார். ஆனால் தொலைக்காட்சியில் கறுப்பினத்தார் ஒடுக்கப்படும் காட்சியைக் கண்டும் அவர் பொருட்படுத்துவதில்லை. தன் பேரனையே அது தொடும் என்று அவர் அறியார். அதைக் கேட்டிருந்த மகன் தன் மனைவியைப் பற்றித் தந்தையிடம் வாய் திறக்கவே இல்லை. இறுதியில், விடைபெற வந்த மகனிடமிருந்து அம்முதியவர் சலிப்புற்று முகம் திருப்பிக்கொள்கிறார். ஏம்ஸ் நேசியாமல் தீர்ப்பளித்தார். பௌட்டன் அறியாமல் நேசித்தார். இரண்டும் ஜாக்கிற்குப் போதவில்லை.

இரண்டாவது வினா இன்னும் கடினமானது. ஏம்ஸின் மனமாற்றம் ஒரு தனி மனிதனைக் குறித்தது மட்டுந்தானா? கீலேயாத், அடிமைமுறையை எதிர்த்தோர் தங்குமிடமாக நிறுவப்பட்ட ஊர். அயோவாவிலுள்ள டேபர் என்னும் மெய்யான ஊரை முன்மாதிரியாகக் கொண்டே ஆசிரியை இதனைப் படைத்தார். ஏம்ஸின் பாட்டனார், விலங்கிடப்பட்ட கிறிஸ்துவைக் காட்சியில் கண்டு, அடிமைகளின் விடுதலைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த போதகர். 1956இலோ அவ்வூரில் கறுப்பினத்தார் எவரும் இல்லை. முன்பு அவர்களுக்கு ஓர் ஆலயம் இருந்தது. அதன் சுவரோரம் யாரோ சுள்ளிகளைக் குவித்துத் தீ வைத்தனர். அது சிறு நெருப்பு என்கிறார் ஏம்ஸ். அச்சபையார் ஊரை விட்டுச் சென்றபோது, அவர்களுடைய போதகர் தம் ஆலயத்தைச் சுற்றியிருந்த லில்லிக் கிழங்குகளை ஏம்ஸின் சபைக்குக் கொடுத்துச் சென்றார். அவை இன்றும் ஏம்ஸின் ஆலயத்திற்கு முன்பு பூக்கின்றன. மலர்களை வைத்துக்கொண்ட சபை மனிதர்களை வைத்துக்கொள்ளவில்லை.

மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்துப் போராடிய ஆண்டும் 1956தான். அதைப் பற்றி ஏம்ஸ் தம் மடலில் பேசவில்லை. ஜாக்கின் வினாவே அவரை விழிக்கச் செய்கிறது. தம் ஊர் எந்த வினாவிற்காக நிறுவப்பட்டதோ, அவ்வினாவைக் கேட்பதையே தாங்கள் விட்டுவிட்டதை மடலின் இறுதிப் பகுதியில் அவர் ஒப்புக்கொள்கிறார். அவ்வறிக்கை காலந்தாழ்ந்தது, அதனால் டெல்லாவுக்கும் ராபர்ட்டுக்கும் அவ்வூரில் ஒரு வீடு கிடைக்கவில்லை.

வேதத்தில் கீலேயாத்துக்கு இரு முகங்கள் உண்டு. எரேமியா 8:22இல் அது பிசின் தைலம் கிடைக்கும் நாடு. ஓசியா 6:8இல் அது அக்கிரமக்காரரின் பட்டணம். ராபின்சனின் கீலேயாத்தும் அவ்வாறே. தைலம் இருக்கிறது, காயப்பட்டோர் அதைப் பெற்றுக்கொள்ள அங்கே தங்க இயலவில்லை.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் யூதாசின் மன வருத்தத்தை மத்தேயு 27:3 ஒரு சொல்லால் குறிக்கிறது. நற்செய்தி அழைக்கும் மனந்திரும்புதலுக்கு ‘மெட்டனோயா’ என்னும் வேறொரு சொல் வழங்குகிறது. முன்னது நடந்ததை எண்ணி உள்ளுக்குள் புழுங்குவது. பின்னது மனமும் வழியும் மாறுவது. 2 கொரிந்தியர் 7:10இல் பவுலும் இருவகைத் துக்கத்தை வேறுபடுத்துகிறார். ஜாக்கைப் பொறுத்தவரை ஏம்ஸின் வருத்தம் மனந்திரும்புதலாகக் கனிந்தது. அது ஒரு செயலாயிற்று. ஊரைப் பொறுத்தவரை அது வருத்தமாகவே நின்றுவிட்டது. அவருக்கு நாட்கள் இல்லை. அவருடைய சபைக்கு இருந்தன.

8. நிறைவாக

நம் சபைகளிலும் சாதி கடந்து மணம் செய்துகொண்ட பிள்ளைகள் சொந்த ஊரின் ஆலயத்திற்கு வரத் தயங்கி நிற்பதை நாம் அறிவோம். நிறமும் சாதியும் ஒன்றல்ல; ஒன்றின் வரலாற்றை மற்றொன்றின்மேல் ஏற்றிப் பேசுதல் முறையன்று. ஆயினும் ஜாக் கேட்ட வினா நமக்குப் புதிதன்று: என் மனைவியும் மகனும் இங்கே வாழ முடியுமா? அவ்வினாவிற்கு விடையளிக்க வேண்டியவர் போதகர் மட்டுமல்லர். ஆனால் அது முதலில் போதகரிடமே கேட்கப்படுகிறது. பெரும்பாலும் அவ்வினா நேராகக் கேட்கப்படாமல், திண்ணையில் எழுந்த ஒரு கோட்பாட்டு வினாவைப்போலவோ, கடைசி இருக்கையில் அமர்ந்தவனின் விளங்காத புன்னகையைப்போலவோ வருகிறது.

ஆயர்களும் இறையியல் மாணவர்களும் இப்புதினத்தைப் படித்தல் நலம். அருளுரை ஆயத்தம் செய்யும்போது வசனத்தின் பொருளை ஆராய்வது போலவே, அதைக் கேட்க வரப்போகும் மனிதரின் முகங்களையும் எண்ணிப் பார்க்க இது கற்பிக்கும். நாம் யாரைப் பற்றி உறுதியான முடிவுக்கு வந்திருக்கிறோமோ, அந்த முடிவின் வேரில் நம் சொந்த இழப்பு ஏதும் புதைந்துள்ளதா என்று சோதிக்கவும் தூண்டும்.

ஜாக் ஏறிய பேருந்து சென்றபின் ஏம்ஸ் பௌட்டனின் வீட்டிற்குச் செல்கிறார். நண்பர் உறங்கிக்கொண்டிருக்கிறார்; காதும் சரியாகக் கேளாது. ஜாக்கின் இரகசியத்தை அவரிடம் சொல்ல ஏம்ஸுக்கு உரிமை இல்லை. அவர் குனிந்து, உம் பிள்ளைக்கு உமக்காக நான் ஆசி கூறிவிட்டேன் என்பதை மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்புகிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குத் தொட்டியருகே நண்பர் அவரிடம் ஒப்படைத்த பணி அன்றுதான் முடிவுற்றது.